அடைத்த கண்டாயம்

படகு நெடுந்தீவு இறங்குதுறையில் முட்டியபோது பெனிற்றாவின் தண்ணீர்ப் போத்தலில் ஒரு மிடறுதான் மிச்சம் இருந்தது. புரட்டாதி மாதம். போன மாரியும் பொய்த்துப்போனதில் தீவு முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி வெந்து கிடந்தது. பனைகள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நின்றன.

அண்ணன் ஜெறாட் மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்றான். கையில் ஒரு பெரிய போத்தல். பெற்றோல் தாங்கிக்கு மேல் இன்னொன்று கட்டியிருந்தது. அவளுடைய பையை வாங்க அவன் கை நீட்டவில்லை. அது புதிதுமில்லை.

"கமரா கொண்டந்தனியோ?"

"இல்லை, உன்ர மூஞ்சியை வடிவாப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

அவன் சிரிக்கவில்லை. போத்தலை வாயில் கவிழ்த்தான். அவன் மெலிந்துபோயிருந்ததை அவள் அப்போதுதான் கண்டாள். உதடு வெடித்து, வெடிப்புக்குள் இரத்தம் காய்ந்திருந்தது. குடிக்கிற சத்தமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மிடறு மிடறாக விழுங்காமல் ஒரே இழுவையாக உறிஞ்சினான்.

"சீனி வருத்தமோ அண்ணா? சோதிச்சனியோ?"

"சோதிச்சாச்சு. ஒண்டுமில்லையாம்."

"அப்ப ரவுணுக்கு வந்து காட்டு."

"முதல் நீ படத்தை எடு. சனிக்கிழமை கொழும்பில இருந்து ஆக்கள் வருகினம். பேஸ்புக் பேஜில குதிரைப் படம் இல்லாட்டி ஆரடி இந்தக் காய்ஞ்ச தீவுக்கு வரப்போறான்?"

அவர்கள் வீட்டில் முதன்முதல் பட்டம் எடுத்தவள் பெனிற்றா. அந்தப் பட்டம் அவளுக்கு வேலை எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குச் சம்பளமில்லாத ஒரு கிளாக்கர் கிடைத்தாள். ஜெறாட்டின் விண்ணப்பங்கள், ஜெறாட்டின் முறைப்பாடுகள், கந்தோரில் ஜெறாட் பேசவேண்டிய பேச்சு, எல்லாவற்றையும் அவள்தான் செய்தாள். சின்ன வயதில் அவன் உடைத்த குடத்துக்கு அடி வாங்கியதும் அவள்தான். இப்போது யாழ்ப்பாணத்தில் கலியாணவீடுகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பொம்பிளை சிரிப்பார்கள், அவள் அழுத்துவாள். அம்மா செத்ததற்குப் பிறகு எதுவும் அவளுக்குப் பெரிதாக உறைப்பதில்லை. கோபம் மட்டும் எங்கோ அடியில் கிடந்தது, அடுப்பில் மறந்துபோன சட்டி மாதிரி.

தீவில் மதிலுக்குச் சாந்து கிடையாது. பவளக்கல்லைக் கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கியிருப்பார்கள். கிணறு உள்ள வளவென்றால் மதிலில் ஓரிடத்தைக் கட்டாமல் விடுவார்கள், குதிரை ஒன்று நுழையக்கூடிய அகலத்துக்கு. அதற்குப் பெயர் கண்டாயம். உள்ளே கிணற்றடியில் ஒரு கல்தொட்டி இருக்கும். கோடைக்குக் கட்டாக்காலிக் குதிரைகள் அதால் வரும், குடிக்கும், போகும். அவற்றை யாரும் கூப்பிடுவதுமில்லை, துரத்துவதுமில்லை. படலை பூட்டினாலும் கண்டாயத்தை அடைக்கமாட்டார்கள்.

அவர்கள் வளவின் கண்டாயம் அடைத்திருந்தது.

பழைய கல் கறுத்திருக்க, நடுவில் அடைத்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது, பொய்ப்பல் கட்டியது மாதிரி. உள்ளே, வெளியூர்க்காரருக்கு வாடகைக்கு விட, புதிதாக இரண்டு அறை. கூரைக்கு மேல் நீலத் தண்ணீர்த் தாங்கி.

எதிர் வளவில் திரேசம்மா மாமி மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். அம்மாவோடு நாற்பது வருசம் சண்டை பிடித்து, அம்மாவின் செத்தவீட்டில் எல்லாருக்கும் மேலாக அழுதவள்.

"வந்திட்டியோ பிள்ளை? உங்கட ஹோட்டல்ல குளிக்கச் சவர் பூட்டியிருக்காம். திறந்தா மழை மாதிரிக் கொட்டுமாம். குதிரைக்கு ஒரு வாளி வைக்கத்தான் தண்ணி காணாதாம்."

"மாமி, உங்கட வேலையைப் பாருங்கோ," என்றான் ஜெறாட்.

"என்ர வேலையே உதுதானே மோனை. வேறை என்ன கிடக்கு எனக்கு?" மாமி அவனை விட்டுவிட்டுப் பெனிற்றாவைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அவனைக் கொண்டு உந்தக் கண்டாயத்தைத் திறப்பி. அடைச்சவன்ர கையாலதான் திறக்கவேணும். வேறை ஆரும் முதல் கல்லை எடுத்தா, பேந்து அதுகள் அந்த ஆளட்டைத்தான் தண்ணி கேக்கும்."

"எதுகள் மாமி?"

மாமியின் தலை மதிலுக்குக் கீழே போய்விட்டது.

"விசர்க்கதை," என்றாள் பெனிற்றா.

ஜெறாட் அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்னேரம் மேற்கு வெளிக்குப் போனார்கள். புல் இல்லை, புல் இருந்த நிறம் மட்டும் தரையில் கிடந்தது. குதிரைகள் தூரத்தில் ஒரு பற்றையைச் சுற்றி நின்றன. மண்ணிறம், கறுப்பு, நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு பெட்டைக்குதிரை, அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. ஆனால் கமராவுக்குள் அவை வேறு சாதியாகத் தெரிந்தன. வெயில் பிடரியில் விழுந்து பொன்போல எரிந்தது. பின்னால் கடல். பட்டினியைக்கூட வடிவாகக் காட்டுகிற சாமான்தான் இந்தக் கமரா. கொழும்பு ஆட்கள் இந்தப் படத்தைப் பார்த்து ஐயோ எவ்வளவு அழகு என்று சொல்லி, வந்து, சவருக்குக் கீழே நின்று குளிப்பார்கள். பெனிற்றா அதை யோசித்துக்கொண்டே அழுத்திக்கொண்டிருந்தாள்.

வெள்ளை நெற்றிக்காரி கிட்டவந்தது. மூக்கை நீட்டி அவளுடைய முழங்கையை மணந்தது. காய்ந்த சாணி மணம், வெயில் மணம். அவள் கமராவைத் தாழ்த்தாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் ஜெறாட் போத்தலின் மூடியைத் திறந்தான்.

எல்லாத் தலைகளும் ஒரேயடியாக நிமிர்ந்தன.

ஓடவில்லை. அவை அவனைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்தன. குட்டிகூடத் திரும்பாமல் பின்கால் வைத்துப் போனது. குதிரை அப்படிப் பின்னுக்கு நடந்து பெனிற்றா தன் வாழ்நாளில் கண்டதில்லை.

"உன்னைக் கண்டா ஏன் உப்பிடிச் செய்யுதுகள்?"

"ஆருக்குத் தெரியும்," என்றான் அவன். போத்தல் காலியாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து, வெளிச்சம் போவதற்கு முதல் வளவையும் நாலைந்து படம் எடுத்தாள். புதிய அறை, தாங்கி, கிணறு. வெளியே போய் மதிலையும் எடுத்தாள். கல்மதில் என்றால் வெளியூர்க்காரருக்குப் பிடிக்கும். பிறகு கிணற்றுக்கட்டில் இருந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

மதிலில் அடைத்த இடத்தின் வெளிப்பக்கம், நெஞ்சு உயரத்தில், வரிசையாகக் கறுப்புத் திட்டுகள். எடுக்கும்போது அவள் அதைக் காணவில்லை.

எழும்பிப் போய்ப் பார்த்தாள். கல் வெள்ளையாகத்தான் இருந்தது.

கை வைத்துப் பார்த்தாள்.

ஈரம்.

சூடான ஈரம். கையை மணந்தாள். காய்ந்த சாணி, வெயில். இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒழுங்கை ஆளில்லாமல் கிடந்தது. புழுதியில் அவளுடைய செருப்புத் தடம் மட்டும்.

அவள் உள்ளே போய் ஜெறாட்டுக்கு முன்னால் கையை நீட்டினாள். "இது என்ன?"

அவன் குந்தியிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அறை கட்டேக்கைதான் அடைச்சனான். கிணத்தில தண்ணி பாதாளத்துக்குப் போட்டுது. அதுகளும் குடிச்சா வாற ஆக்களுக்கு என்னத்தைக் குடுக்கிறது? வேறை கிணத்துக்குப் போகுங்கள்தானே எண்டு நினைச்சன்."

"மற்றக் கிணறெல்லாம் வத்திப்போனது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பேந்து?"

"வந்து நிண்டதுகள். கத்தேல்லை. இடிக்கேல்லை. மதிலுக்கு மேலால தலையை வைச்சுக்கொண்டு தொட்டியைப் பாத்தபடி நிண்டதுகள். நான் உள்ளுக்க சவரைப் பூட்டி, தண்ணி வருதோ எண்டு திறந்து திறந்து பாத்துக்கொண்டிருந்தன். அந்தச் சத்தம் அதுகளுக்குக் கேட்டிருக்கும்." போத்தலைத் தேடிக் கை துழாவியது. "நிண்டபடியே செத்ததுகள் பெனி. தலையை மதிலில வைச்சபடி. லாண்ட்மாஸ்டர் உழவு மிசினில கட்டித்தான் கடற்கரைக்கு இழுத்தனான்."

அவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள்.

"நாளைக்குத் திற," என்றாள்.

"திறந்தா உள்ளுக்க வருங்கள்."

"வரட்டும். குடிச்சிட்டுப் போகட்டும்."

"உயிரோட வெளியில நிக்கிறதுகளைச் சொல்லேல்லை நான்," என்றான் ஜெறாட்.

இரவு ஒன்றும் நடக்கவில்லை. அவள் நித்திரைகூடக் கொண்டாள். நடந்ததெல்லாம் பகலில்தான், உச்சி வெயிலில், நிழல் காலுக்குக் கீழே ஒளித்துக்கொள்கிற நேரத்தில்.

காலையில்தான் தாங்கி நிரப்பியிருந்தது. பதினொரு மணிபோல அவள் முகம் கழுவக் குழாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. ஏறிப் பார்த்தாள். தாங்கிக்குள் ஒரு துளி இல்லை, எங்கேயும் ஒழுக்கும் இல்லை. உள்சுவர் நக்கித் துடைத்ததுபோலப் பளபளவென்று இருந்தது.

இறங்கி வந்தபோது ஜெறாட் புதிய குளியலறைத் தரையில் கிடந்தான்.

ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். தாதி அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் போத்தல் காலி. ஊசியில் ஏதோ பிழை என்று வேறு ஊசி குத்தி, வேறு போத்தல் மாட்டினாள். அதுவும் முடிந்தது. தாதி போத்தலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவருக்கு என்னம்மா குடுக்கிறனீங்கள்?"

"தண்ணி," என்றாள் பெனிற்றா.

"யாழ்ப்பாணம் கொண்டு போங்கோ. நாளைக்கெண்டு வைக்காதேங்கோ. இப்பிடியே விட்டா ஆள் தாங்காது."

ஜெறாட்டின் தோல் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. கண் உள்ளே போயிருந்தது. படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"வீட்டை கூட்டிக்கொண்டு போ. திறப்பம். என்ர கைக்குப் பெலன் காணாது. நீயும் பிடி. ரெண்டு பேருமாத் திறப்பம்."

மாமி சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. விசர்க்கதை என்று தான் சொன்னதும் நினைவு வந்தது. அவனுடைய கை கல்லில் இருக்கும்தானே, அப்படியென்றால் திறப்பது அவன்தானே என்று கணக்குப் போட்டாள். படித்தவள் இல்லையா, கணக்கு வரும்.

ஓட்டோ அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது. ஒழுங்கையில் காற்றே இல்லை. கிணற்றின் அடியில் கிடந்ததையெல்லாம் அவள் இறைத்து, கல்தொட்டியை விளிம்புமட்டும் நிரப்பினாள். பிறகு அவனைத் தாங்கிக்கொண்டு கண்டாயத்தடிக்கு வந்தாள்.

காகம்கூடக் கத்தவில்லை.

மதிலுக்கு அந்தப்பக்கம் ஏதோ பாரத்தைக் கால் மாற்றிக்கொண்டது.

"கையை வை," என்றாள் மெதுவாக.

ஜெறாட் மேல்கல்லில் வலதுகையை வைத்தான். அவள் தன் இரண்டு கையையும் அதற்கு மேல் வைத்துப் பொத்தினாள். கல்லுக்கு மேலால் ஒரு மூச்சு வந்து அவளுடைய விரல்களில் பட்டது. சூடு. ஈரம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் அங்கால் இன்னொன்று.

"இழு அண்ணா."

"நீயும் பிடி."

"பிடிச்சிருக்கிறன். இழு."

கல் அசைந்தது. அரைவாசி வெளியே வந்தது.

அப்போது அவளுடைய கைக்குக் கீழே இருந்த கை இல்லாமல் போனது.

வழுக்கவில்லை. விழவில்லை. நித்திரையான குழந்தையின் தலைக்குக் கீழேயிருந்து கையை எடுப்பதுபோல, பக்குவமாக, அவன் உருவி எடுத்தான். கல் அவளுடைய இரண்டு கையிலும் இருந்தது. அவளுடைய கையில் மட்டும்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தன் கையை மற்றக் கக்கத்துக்குள் வைத்து இறுக்கிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். உடைந்த குடத்துக்கு அடி விழுகிற நேரம் அவன் நிற்கிற அதே நிலை.

கல்லைத் திருப்பி வைத்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. வைத்தால் அவன் பின்னேரத்துக்குள் செத்துவிடுவான்.

பெனிற்றா கல்லை நிலத்தில் போட்டாள். அடுத்ததையும் எடுத்தாள். அதற்கடுத்ததையும். விரல் கிழிந்தது. நோகவில்லை.

கண்டாயம் திறந்தது. அந்தப் பக்கம் வெறும் ஒழுங்கை, வெறும் வெயில்.

பிறகு குளம்புச் சத்தம்.

ஒன்று அவளை உரசிக்கொண்டு போனது. முடி அவளுடைய கையில் பட்டது. விலாவெலும்புகள் ஒவ்வொன்றாகத் தோளில் தட்டிக்கொண்டு போயின. பின்னால் அடுத்தது. அவை அவசரப்படவில்லை. ஒன்றையொன்று இடிக்கவில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தொட்டியில் தண்ணீர் மட்டும் இறங்கத் தொடங்கியது, அலை இல்லாமல், ஒரே இழுவையாக.

அவளுடைய கை தன்பாட்டில் கழுத்தில் தொங்கிய கமராவைத் தூக்கி அழுத்தியது. பழக்கம்.

தொட்டியின் அடிக்கல் தெரிந்தது. ஈரம் காய்ந்தது. சத்தம் நின்றது. எல்லாம் தலையை நிமிர்த்தியிருக்க வேண்டும், ஏனென்றால் அவளுக்கு உடம்பு முழுக்கப் பார்வை பட்டது.

பின்னால் ஜெறாட் வாளியில் மிஞ்சிய தண்ணீரை ஒரு கோப்பையில் எடுத்துக் குடித்தான். மிடறு மிடறாக. அரைவாசியில் நிறுத்திக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"காணும்," என்றான். தாகம் தீர்ந்ததை அதிசயமாய்ச் சொன்னான். "பெனி, எனக்குக் காணும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். ஒழுங்கையில் திரேசம்மா மாமி நின்றாள். அவளைத் தொடக்கூடிய தூரத்துக்கு வரவில்லை.

"நீயோ எடுத்தனி முதல் கல்லை?"

"ஓம்."

"அதுக்குத்தானே பிள்ளை அவன் உன்னைக் கூப்பிட்டவன். படத்துக்கில்லை. முந்தி என்னட்டைக் கேட்டவன். அந்த லாண்ட்மாஸ்டர்காரனட்டையும் கேட்டவன். ஆரும் மாட்டன் எண்டிட்டம்." மாமியின் வாய் கோணியது. "உன்னட்டைக் கேட்பான் எண்டு நான் நினைக்கேல்லை. தங்கச்சியெல்லே."

"போட்டு வாறன் மாமி."

மாமி போய் வா என்று சொல்லவில்லை.

இறங்குதுறையில் கடையில் இருந்த பெரிய போத்தல்கள் எல்லாவற்றையும் வாங்கினாள். படகில் கீழ்த்தட்டில், கடைசி வாங்கில் இருந்தாள். கூட்டம் இருந்தது, என்றாலும் அந்த வாங்கில் யாரும் வந்து இருக்கவில்லை. படகு வெளிக்கிட்டபோது ஒரு பக்கம் சரிந்து, நிமிர்ந்தது.

"ஆரப்பா மிருகம் ஏத்தினது?" இயந்திரத்தடியில் இருந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். "குதிரை மணம் மணக்குது. தீவை விட்டுக் குதிரை ஏத்தக்கூடாது எண்டு தெரியாதோ? என்னையெல்லே பிடிப்பாங்கள்."

யாரோ பகிடி விட்டார்கள். அவர் சிரித்தபடி கடைசி வாங்குமட்டும் வந்தார். பெனிற்றாவுக்குப் பின்னால் பலகையில் கையை ஊன்றினார், ஈரமான கையைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. திரும்பி மேலே ஏறிப்போனார்.

அவள் கமராவைத் திறந்தாள். கடைசிப் படத்தில் தொட்டி, வெயில், கண்டாயம். குதிரை இல்லை. தொட்டி விளிம்பு முட்ட நிறைந்திருந்தது, ஒரு வாய்கூடத் தொடாததுபோல.

போன் அதிர்ந்தது. ஜெறாட்.

"படம் வடிவா வந்திருக்கும். அனுப்பிவிடு."

கொஞ்சத்தில் இன்னொன்று.

"கொஞ்ச நாளைக்கு இஞ்சாலை வராதை."

அவள் அதை வாசித்தாள். கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. சட்டியில் இருந்ததும் வற்றிவிட்டதாக்கும். தாகம் மட்டும் இருந்தது. முதல் போத்தல் எப்போது முடிந்ததென்று தெரியவில்லை. இரண்டாவதைத் திறந்து ஒரே இழுவையாக உறிஞ்சினாள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது.

கழுத்துக்குப் பின்னால் ஒரு மூச்சு. சூடாக, ஈரமாக. அவசரமில்லாமல் நின்றது.

போத்தலில் அரைவாசி இருந்தது.

பெனிற்றா திரும்பிப் பார்க்கவில்லை. போத்தலைத் தோளுக்கு மேலால் பின்னுக்கு நீட்டிப் பிடித்தாள். கடல் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. கையில் போத்தல் மெல்ல மெல்லப் பாரம் குறைந்துகொண்டு வந்தது.